அரசியல் போட்டி இவ்வளவு இருந்தும் நமக்கு வளர்ச்சி ஏன் கிடைக்கவில்லை? குமரி மாவட்டம் பற்றி ஒரு இழை

7 ஜூன் 2024. தக்கலை வாசகர் கேட்டது

தேர்தல் முடிவு வந்தாச்சு. ஒரு கேள்வி. 1998 முதல் 2019 வரை நம் நாடாளுமன்றத் தொகுதி ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் கட்சி மாறியிருக்கிறது. த.மா.கா., பா.ஜ.க., மார்க்சிஸ்ட், தி.மு.க., மறுபடி பா.ஜ.க., அப்புறம் காங்கிரஸ். யாருக்கும் இங்கே கோட்டை கிடையாது. போட்டி கடுமையாக இருந்தால் தலைவர்கள் பயந்து வேலை செய்வார்கள், ஊர் வளரும் என்கிறார்கள். அப்படியானால் தமிழ்நாட்டிலேயே நாம்தான் முதலில் வளர்ந்திருக்க வேண்டும். என் மகன் பெங்களூருவில், அக்கா மகன் மஸ்கட்டில். எங்கே தப்பு நடந்தது?

7 ஜூன் 2024, இரவு

தப்பு அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "போட்டி இருந்தால் வளர்ச்சி." எதற்கான போட்டி என்று அது சொல்லவே இல்லை. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகணும், நாளைக்கு எழுதுகிறேன்.

8 ஜூன் 2024

நான் அருமனைப் பக்கம். 1 ஏக்கர் 20 சென்ட் ரப்பர். நானே வெட்டுகிறேன், பத்து மணிக்கு மேல் மார்த்தாண்டத்தில் சின்ன ஜெராக்ஸ் கடை. இதைச் சொல்வது நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை என்று தெரிவதற்காக. ஆனால் இந்தக் கேள்வியைப் பத்து வருஷமாக மனதில் போட்டுக்கொண்டு வெட்டுகிறவன்.

அப்பாவின் தங்கை, என் மாமி, வெள்ளறடையில் கட்டிக்கொடுத்தவர். பனச்சமூடு சந்தையைத் தாண்டினால் கேரளம். வீட்டிலிருந்து மாமி வீட்டுக்கு பைக்கில் அரை மணி நேரம். மண் ஒன்று, மழை ஒன்று, மரமும் ஒரே இனம். மாமி வீட்டு ரப்பர் ஷீட்டையும் என் ஷீட்டையும் பக்கத்தில் வைத்தால் நானே பிரித்துச் சொல்ல முடியாது. 2011இல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது நினைவிருக்கும். அந்த வருடம் மாமிக்கு கிலோவுக்கு 150 கிடைத்தது. எனக்கு வியாபாரி கொடுத்ததுதான் விலை.

மாமிக்கும் வியாபாரி அதிக விலை கொடுக்கவில்லை. கேரள அரசு 2015இல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. 150க்குக் கீழே விலை போனால் மீதியை அரசு வங்கிக் கணக்கில் போடும். ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் பெயர் பதிந்து, விற்ற பில்லைக் கொடுத்தால் போதும். பணம் மாதக்கணக்கில் தாமதமாக வரும் என்று மாமி திட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் வந்தது.

என் தோட்டத்தில் வருடத்துக்கு 600 கிலோ கிடைக்கும். கிலோவுக்கு 50 ரூபாய் வித்தியாசம் வைத்தாலும் 30,000 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த அளவுதான் அப்போது.

9 ஜூன் 2024

கேரளக்காரர்கள் நம்மைவிட நல்லவர்கள், அதனால் கிடைத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அந்த 150 ரூபாய் எப்படி வந்தது என்று பார்த்தால் அரசியல் போட்டி என்ன செய்யும் என்பது தெரியும்.

அறிவித்தது 2015 மார்ச் பட்ஜெட்டில் அப்போதைய கேரள நிதியமைச்சர் கே.எம். மாணி. காங்கிரஸ் முன்னணியில் இருந்த கேரள காங்கிரஸ் (மாணி) தலைவர், கோட்டயம் பக்கத்துப் பாலா ஊர்க்காரர். சட்டசபைக்குள் பெரிய அமளி நடந்த அந்த நாள்தான். அவருடைய கட்சியின் உயிரே கோட்டயம் பக்கத்து ரப்பர் விவசாயியின் ஓட்டில் இருந்தது. அந்த விவசாயி கோபித்துக்கொண்டால் மத்திய கேரளத்தில் பல தொகுதிகள் போகும். 140 தொகுதி உள்ள சபையில், நாலைந்து இடம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனால் ஆட்சியே மாறும் நிலைமை.

2016இல் ஆட்சி மாறியது. இடது முன்னணி திட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த விவசாயி மறுபடி காங்கிரஸ் முன்னணிப் பக்கம் போய்விடுவார். இன்னும் கவனியுங்கள். கேரள காங்கிரஸ் (மாணி) 2020 அக்டோபரில் இடது முன்னணிக்கு மாறியது. 2021 ஜனவரி பட்ஜெட்டில் ஆதார விலை 170 ஆனது. இந்த வருட பட்ஜெட்டில் 180. இரண்டு முன்னணிகளும் ஒரே ஆளின் வீட்டு வாசலில் நின்றால் அவருக்கு விலை கிடைக்கும்.

இங்கே? தமிழ்நாட்டில் சொல்லும்படியான ரப்பர் ஒரு மாவட்டத்தில்தான். அதிலும் மேற்குப் பாதியில்தான். 234இல் மூன்று தொகுதிகளுக்கு மேல் என் ஷீட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கட்சிகள் எங்கள் ஊரில் போடுகிற சண்டை கோட்டயத்தில் போடுகிற சண்டையைவிடக் கடுமை. ஆனால் சென்னையில் ஆட்சியைப் பிடிக்க நான் தேவையில்லை.

9 ஜூன் 2024, மாலை

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்கணும். நம் மாவட்டத்துக்குத் தொகுதியும் குறைந்தது. 2006 வரை ஏழு சட்டமன்றத் தொகுதிகள். மறுசீரமைப்பில் திருவட்டார் போனது. 2011இலிருந்து ஆறு. போனது எது பாருங்கள், ரப்பரும் ரப்பர் தொழிலாளியும் நிறைந்த தொகுதி. மக்கள்தொகை மற்ற மாவட்டங்கள் அளவுக்கு வளரவில்லை, படித்து அளவாகப் பிள்ளை பெற்றோம். அதனால் குரல் ஒன்று குறைந்தது.

12 ஜூன் 2024

குளச்சல் வாசகர் ஒருவர், "சுற்றி வளைக்காதீங்க, இங்கே போட்டி சாதியும் மதமும் பார்த்துத்தான், அதனால்தான் யாரும் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை" என்கிறார்.

பெரும்பகுதி உண்மை. 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பிறகு ஓட்டு எப்படிப் பிரியும் என்பதற்கு ஒரு தடம் விழுந்துவிட்டது. வேட்பாளர் பெயரைச் சொன்னதும் எந்தத் திருச்சபை, எந்தச் சமுதாயம் என்றுதான் டீக்கடையில் முதல் பேச்சு. ரப்பருக்கு என்ன செய்வார் என்பது மூன்றாவது டீக்குக்கூட வராது. ஐந்து வருடம் ஒன்றும் செய்யாதவர் தன் ஆட்களின் ஓட்டை இழப்பதில்லை. நன்றாகச் செய்தவருக்கு அடுத்தவர் ஆட்களின் ஓட்டு கிடைப்பதும் இல்லை. அப்படியிருக்க எதற்கு மெனக்கெடணும்?

எனக்கும் இதில் பங்கு உண்டு. 2014இல் நான் ஓட்டுப் போட்டபோது மனதில் இருந்தது ரப்பர் இல்லை. எது இருந்தது என்று இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

16 ஜூன் 2024

தக்கலை வாசகர் மறுபடி கேட்கிறார், "இதைப் பற்றி ஆராய்ச்சி எதுவும் இல்லையா?" என் மகள் பொருளியல் படித்தவள். அவள் இரண்டைச் சொன்னாள், புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஒன்று அமெரிக்கா பற்றியது. தென்மாநிலங்களில் பல பத்தாண்டுகள் ஒரே கட்சிதான், ஜனநாயகக் கட்சி. ஓட்டுப் போட வரி கட்டணும், எழுத்துத் தேர்வு எழுதணும் என்று விதி வைத்துக் கறுப்பின மக்களையும் ஏழை வெள்ளையரையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் அந்தத் தடைகளை உடைத்தது. பிறகு அங்கே கட்சிப் போட்டி வந்தது, போட்டி வந்த மாநிலங்களில் வருமானம் வேகமாக வளர்ந்தது. பெஸ்லி, பெர்சன், ஸ்டர்ம் மூவரும் 2010இல் எழுதியது. தக்கலை வாசகர் கேள்விப்பட்ட "போட்டி இருந்தால் வளர்ச்சி" இந்த மாதிரி வேலையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

இரண்டாவது நம் நாடு. ஆஷர், நோவோசாட் 2017. மாநிலத்தில் ஆளும் கட்சிக்காரர் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியையும், அதே மாதிரி தோற்ற தொகுதியையும் ஒப்பிட்டார்கள். ஆளும் கட்சி எம்.எல்.ஏ. உள்ள இடத்தில் தனியார் வேலைவாய்ப்பு கூடுதலாக வளர்ந்திருக்கிறது. அனுமதி, உரிமம் என்று அதிகாரி மேசையில் கிடக்கும் காகிதம் நகர்கிறது, அதுதான் வழி என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு 2016 ஞாபகம் வந்தது. அந்த வருடம் நம் ஆறு தொகுதியும் தி.மு.க.வுக்கும் காங்கிரசுக்கும் போனது, மூன்று மூன்றாக. ஆட்சி அ.தி.மு.க.வுடையது. மாவட்டம் முழுக்க ஒரு ஆளும் கட்சி எம்.எல்.ஏ. கூட இல்லை. டெல்லியில் நம் எம்.பி. மத்திய இணை அமைச்சர். அந்தக் காலத்தில் நமக்கு வந்ததைப் பாருங்கள். மார்த்தாண்டம் இரும்புப் பாலம், பார்வதிபுரம் பாலம், இரண்டும் 2018இல் திறந்தது. இரண்டும் மத்திய அரசுப் பணம். மாநில அரசு கையில் இருந்ததில் எது நகர்ந்தது என்று நீங்களே யோசியுங்கள்.

17 ஜூன் 2024

பாலத்தைப் பற்றிச் சண்டை வேண்டாம். என் கடை அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான். கட்டும்போது இரண்டு வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது, எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். இப்போது பேருந்து நெரிசல் குறைந்ததை நானே பார்க்கிறேன். போன மாதம் மேலே ஓட்டை விழுந்ததையும் பார்த்தேன்.

22 ஜூன் 2024

மூத்த வாசகர் ஒருவர் திருத்துகிறார். "யாருக்கும் கோட்டை இல்லை என்பது 1998க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் நம் எம்.பி. டென்னிஸ் 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தல் தொடர்ந்து ஜெயித்தார், கட்சி மாறியும் ஜெயித்தார். அப்போது ஊர் தேங்கியா கிடந்தது?" சரிதான். அதற்கும் முன்னால் 1969 இடைத்தேர்தலிலும் 1971லும் காமராஜர் நாகர்கோவிலில் (அப்போது நம் தொகுதியின் பெயர் அதுதான்) ஜெயித்தார். போட்டி குறைந்த காலம், போட்டி மிகுந்த காலம் என்று பிரித்தால் நமக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ரயில் 1981இல் வந்தது, அதை யார் கணக்கில் எழுதுவது?

23 ஜூன் 2024

திருத்தம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979. திருநெல்வேலிப் பாதை திறந்ததுதான் 1981. நான் இரண்டையும் குழப்பிவிட்டேன். கேரளத்தோடு முதலில் இணைந்து, தமிழ்நாட்டோடு இரண்டு வருடம் கழித்து இணைந்த ரயில். இன்றும் நம் ரயில் நிலையங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான். நாகர்கோவிலில் ஒரு வண்டிக்கு நிறுத்தமோ பெட்டியோ கேட்டால் முடிவெடுப்பவர் இருக்கும் ஊரில் நமக்கு ஓட்டில்லை.

நெய்யாறும் இதே கதை. இடதுகரைக் கால்வாயில் விளவங்கோடு தாலுகாவுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. என் தாத்தா நெல் போட்ட வயலில் இன்று ரப்பரும் வாழையும். அந்தக் கால்வாயின் கரையில் மாடு கட்டியிருக்கிறார்கள்.

13 ஜூலை 2024

நேற்று கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் முதல் பெரிய சரக்குக் கப்பலை வரவேற்றார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு இரண்டாகப் பிரிந்தது.

2016 ஜூலையில் நம் இனயத்தில் ஒரு பெரிய துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்தது. 27,000 கோடிக்கு மேல் மதிப்பு. மீனவர்கள் எதிர்த்தார்கள். இடத்தைக் கன்னியாகுமரிப் பக்கம் மாற்றிப் பார்த்தார்கள், அங்கேயும் எதிர்ப்பு. கடைசியில் ஒன்றும் வரவில்லை. விழிஞ்ஞத்தில் ஒப்பந்தம் போட்டது காங்கிரஸ் முன்னணி, 2015இல். அன்றைக்கு ஊழல் என்று சொன்ன இடது முன்னணி 2016இல் ஆட்சிக்கு வந்ததும் வேலையைத் தொடர்ந்தது. 2022இல் அங்கே மீனவர் போராட்டம் பெரிதாக வந்தபோதும் தொடர்ந்தது.

இங்கே துறைமுகம் ஒரு கட்சியின் துறைமுகமாகிவிட்டது. ஒருவர் கொண்டு வருவேன் என்று ஓட்டுக் கேட்டார், அடுத்தவர் வர விடமாட்டேன் என்று கேட்டார். கேரளத்தில் இரண்டு முன்னணியும் மாறி மாறி அதே பொருளைச் சுமந்தன. முன்னே எழுதிய ரப்பர் கதையும் இதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்சி மாறினாலும் வேலை மாறாத அளவுக்கு அதன் பின்னால் ஆள் இருக்கணும்.

அந்தத் துறைமுகத்துக்காக நம் மலைகளை உடைத்த கல் லாரி லாரியாகக் களியக்காவிளை தாண்டிப் போனதை எல்லோரும் பார்த்தோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு அதிரும். துறைமுகம் அவர்களுக்கு, தூசி நமக்கு.

14 ஜூலை 2024

என் மனைவியின் ஊர் இனயம் பக்கம். நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அவள் என்னோடு பேசவில்லை. சாயங்காலம்தான் பேசினாள். "நீ வளர்ச்சி வரலைன்னு எழுதியிருக்க. எங்க அண்ணன் வள்ளம் இன்னும் அதே கரையில கிடக்கு. அது உனக்கு வளர்ச்சி இல்லியா?"

அவள் சொல்வது சரி. துறைமுகம் வராததை நான் நஷ்டக் கணக்கில் எழுதினேன். அவள் வீட்டுக்கு அது ஓட்டால் கிடைத்த வெற்றி. 2019இல் கடற்கரை மொத்தமாக ஒரு பக்கம் நின்றதற்கு 2017 ஒக்கிப் புயலும் காரணம், துறைமுகமும் காரணம். அரசியல் போட்டி அங்கே வேலை செய்திருக்கிறது. ஒன்றைக் கொண்டு வருவதற்குப் பதில் ஒன்றைத் தடுப்பதற்கு.

ஒக்கி சமயத்தில் மீனவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அதையும் சொல்லணும். கடலுக்குப் போன மச்சான் வந்துசேர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தேடுதலை வேகப்படுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு முதலமைச்சரும் பிரதமரும் நேரில் வந்தார்கள். தேர்தல் நாள் மட்டும்தான் போட்டி என்று நான் நினைத்திருந்தேன். கடற்கரைக்காரர்கள் நடுவிலும் போட்டியை உண்டாக்கினார்கள். ரப்பர்க்காரர்கள் நாங்கள் ஒருநாளும் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அரசு ரப்பர் கழகத்துத் தொழிலாளர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள், அது அவர்கள். சிறு தோட்டக்காரன் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் தன் புகைப்புரையில் தனியாக உட்கார்ந்து விலையைத் திட்டுவான். அவ்வளவுதான்.

11 ஆகஸ்ட் 2024

ரப்பர் 240ஐத் தாண்டிவிட்டது. பதின்மூன்று வருடம் கழித்து. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, வெட்டுப் பகுதி நனையாமல் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டாதவர்கள் கைப்பிசைந்து நிற்கிறார்கள். நான் கட்டியிருக்கிறேன். நேற்று 11 ஷீட். மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்குக்கூட நல்ல விலை.

இதில் ஒரு நேர்மையான விஷயம். விலை இப்படி இருக்கும்போது மாமிக்கு அரசிடமிருந்து ஒரு ரூபாயும் கிடையாது, 180க்குக் கீழே வந்தால்தான். இன்றைக்கு அவரும் நானும் ஒன்றுதான். போன வாரம் போனில் சிரித்தார், "இப்ப நீயும் கேரளாக்காரன் ஆயிட்ட." விலை விழும்போது தெரியும் வித்தியாசம்.

18 ஆகஸ்ட் 2024

ஜூன் 12ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். சமுதாயப் போட்டியை முழுக்கக் கெட்டதாக எழுதியிருக்கிறேன். அது நியாயம் இல்லை.

நம் மாவட்டத்தின் பலமே அந்தப் போட்டியில் வந்தது. நெய்யூரில் 1838இல் மிஷன் மருத்துவம் தொடங்கியது. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893. அவர்கள் பள்ளி கட்டினால் இவர்கள் ஒன்று கட்டணும், ஒரு சபை மருத்துவமனை கட்டினால் அடுத்தவர்களுக்கும் வேண்டும் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டினார்கள். அய்யா வைகுண்டர் வழியினர் தங்கள் வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்களிலும் எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். மஸ்கட்டுக்கும் பெங்களூருவுக்கும் நம் பிள்ளைகள் போக முடிந்ததே அதனால்தான். தக்கலை வாசகர் கேட்ட "என்ன தப்பு" என்பதில் பாதி தப்பு இல்லை. படிப்பைக் கொடுத்தோம், படித்தவருக்கு வேலையை இங்கே உண்டாக்கவில்லை.

பள்ளியை ஒரு சமுதாயம் தனியாகக் கட்டிவிடலாம். ரப்பருக்கு ஆதார விலையைத் தனியாக வாங்க முடியாது. பால்வெட்டுகிறவர்களில் எல்லாச் சமுதாயமும் இருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் அது ஓட்டாகும்.

19 ஆகஸ்ட் 2024

அப்படிச் சேர்ந்து கேட்டதே இல்லையா? உண்டு. 1954இல். அப்போது நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் போராடினார்கள். ஆகஸ்ட் 11இல் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. என் பெரியப்பா அந்த ஊர்வலத்தில் போனவர். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று தனிக்கட்சியாக நின்று திருவிதாங்கூர்-கொச்சி சபையில் இடம் பிடித்தார்கள். அந்தச் சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நேரம், அதனால் அவர்கள் குரல் எடுபட்டது.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நேரத்தில் சின்னக் கட்சி சொன்னது நடந்தது. கோட்டயத்திலும் அதேதான்.

6 அக்டோபர் 2024

மழை. எழுத நேரம் இல்லை. விளவங்கோடு இடைத்தேர்தல் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 2011, 2016, 2021 மூன்று முறை ஜெயித்த எம்.எல்.ஏ. கட்சி மாறினார், இடைத்தேர்தல் வந்தது, அவரது பழைய கட்சியே மறுபடி ஜெயித்தது. என் பூத்தில் மூன்று கட்சிக்காரர்களும் வீட்டுக்கு வந்தார்கள். மூவரிடமும் ரப்பர் விலை பற்றிக் கேட்டேன். மூவரும் "நிச்சயமா பார்ப்போம்" என்றார்கள். ஒருவரும் தாளில் எழுதித் தரவில்லை.

12 ஜனவரி 2025

ஊராட்சிகளின் பதவிக்காலம் 5ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் இல்லை, தனி அலுவலர் கையில். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் தேர்தல் வரை இப்படித்தான் இருந்தோம். கேரளத்தில் 1995, 2000, 2005, 2010, 2015, 2020 என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் நடக்கிறது. 1996இல் மக்கள் திட்டம் வந்தபோது திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. அதனால் மாமியின் வார்டில் போட்டிக்கு அர்த்தம் இருக்கிறது. ஜெயித்தவர் கையில் பணம் உண்டு, தோற்றவர் ஐந்து வருடம் கழித்து நிச்சயம் திரும்பி வருவார்.

என் தோட்டத்துக்குப் போகும் பாதையில் ஒரு தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. நாலரை மணிக்குத் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு போகிறேன், பாம்பு பயம். முன்பு வார்டு உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். இப்போது ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். வாங்கி வைத்தவர் ரசீது தரவில்லை. இரண்டாம் முறை போனபோது மனுவே இல்லை என்றார்.

ஆறு மாதம் எம்.பி., எம்.எல்.ஏ. பற்றியே எழுதினேன். என் வாழ்க்கையில் தினமும் தொடுகிற போட்டி வார்டு போட்டி. அதைத்தான் எடுத்துவிட்டார்கள். இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்கணும்.

2 பிப்ரவரி 2025

தக்கலை வாசகர் தனியாக எழுதினார். "சரி அண்ணே, இனி என்ன செய்யலாம்?" அவருக்கு அனுப்பியதையே இங்கேயும் போடுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு புகைப்புரையில் போன ஞாயிறு பதினோரு பேர் கூடினோம். ஷீட் காய்ந்துகொண்டிருந்தது, கண் எரிய எரியப் பேசினோம். இரண்டு பேர் சி.எஸ்.ஐ., மூன்று பேர் கத்தோலிக்கர், ஒரு முஸ்லிம் வியாபாரி, மீதி இந்துக்கள். கட்சியும் அதே மாதிரி கலவை. ஒரே ஒரு கேள்வி எழுதினோம். கேரளத்தில் இருப்பதுபோல் இங்கேயும் சிறு தோட்டக்காரருக்கு ரப்பர் ஆதார விலை கொண்டுவரக் குரல் கொடுப்பீர்களா, கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்கிற யாராயிருந்தாலும் சரி. வேறு ஒன்றும் கேட்கக் கூடாது, கோயிலும் வேண்டாம், சபையும் வேண்டாம், ஆளைப் பற்றியும் வேண்டாம் என்று முடிவு.

முதலில் ஒரு பெரியவர் மறுத்தார். "என் கட்சிக்காரனைச் சங்கடப்படுத்துவதா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் எதிர்க்கட்சி. அவர் சொன்னார், "என் கட்சிக்காரனையும்தானே கேட்கப் போறோம்." பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கடையில் நானே நகல் எடுத்துக் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. மாமி தன் ரப்பர் சங்கப் பதிவுத் தாளின் நகலை அனுப்பினார், ஆட்களுக்குக் காட்ட. இன்றுவரை 43 கையெழுத்து. வரும் ஞாயிறு கடையாலுமூடு பக்கம் போகிறோம். குலசேகரத்திலிருந்து யாராவது வர முடிந்தால் சொல்லுங்கள், பைக்கில் ஒரு இடம் காலி.